சேர்ந்து மூச்சு வாங்குதல்

மூச்சு வாங்குகிறவர்கள் அதை மறைக்கப் பழகியிருக்கிறார்கள். மாடிப்படியின் பாதியில் நின்று சட்டைப்பையில் எதையோ தேடுகிறார்கள். தெருவில் போகும்போது ஒரு சுவரொட்டியின் முன் நின்று அச்சகத்தின் பெயர்வரை வாசிக்கிறார்கள். வராத அழைப்புக்காகக் கைபேசியைக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். உடன் நடப்பவர் பேசிக்கொண்டே வந்தால் 'ம்' என்று மட்டும் சொல்கிறார்கள். முழு வாக்கியத்துக்குக் காற்று போதாது. இதயம் தளர்ந்தவர்களிடமும் நுரையீரல் கெட்டவர்களிடமும் இந்தச் சின்ன நடிப்புகளை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால், பிறகு பேருந்து நிறுத்தத்திலும் கோயில் படியிலும் கல்யாண மண்டபத்தின் கைகழுவும் இடத்திலும் அவை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

காலில் கட்டுப் போட்டவர் அதை ஒளிப்பதில்லை. காய்ச்சல்காரர் போர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்கிறார். மூச்சுத் திணறலில் மட்டும் ஒரு கூச்சம் ஒட்டிக்கொள்கிறது. அது பார்ப்பவரைப் பதறச் செய்கிறது என்பது ஒரு காரணம். நாலு பேர் ஓடிவருவார்கள், நாற்காலி வரும், தண்ணீர் வரும், வீட்டுக்குத் தகவல் போகும்; மறுநாளிலிருந்து தனியாக வெளியே போவது நின்றுவிடும். இன்னொரு காரணம் இதைவிட ஆழமானது. மூச்சு நம் வசத்தில் இருப்பது என்றொரு எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது. ஆகவே அது கைமீறும்போது நோய் என்று தோன்றுவதற்கு முன்பே தோல்வி என்று தோன்றிவிடுகிறது. புகைபிடித்தவராக இருந்தால் குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது.

இந்த ஒளிவு தேவைப்படாத இடங்கள் சில உலகில் இருக்கின்றன. இதய, நுரையீரல் நோயாளிகள் வாரம் ஒருமுறையோ இருமுறையோ ஊருக்குள் ஒரு பொதுக்கூடத்தில் கூடி, பயிற்சி பெற்ற ஒருவரின் வழிகாட்டலில் சேர்ந்து உடற்பயிற்சி செய்யும் குழுக்கள் அவை. அவற்றின் பலன் தசையில் தொடங்குகிறது என்று மருத்துவம் சொல்கிறது. பிறர் பார்க்க மூச்சு வாங்கலாம் என்ற சுதந்திரத்தில்தான் அந்தப் பலன் நிறைவடைகிறது என்று நான் நம்புகிறேன்.

*

நோயாளி என்றால் படுத்திருக்க வேண்டும் என்ற நம்பிக்கைக்கு மருத்துவமே நெடுங்காலம் காவலாக இருந்தது. மாரடைப்பை நவீன மருத்துவம் ஏற்கும்படி 1912இல் தெளிவாக விவரித்தவர் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக். அதற்குப் பின் வந்த பல பத்தாண்டுகளில், மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில், பெரும்பாலும் ஆறு வாரம், படுக்கையிலேயே வைத்திருப்பது வழக்கமானது. செத்த இதயத்தசை தழும்பாகி இறுக அவ்வளவு காலம் வேண்டும், அதுவரை அசைந்தால் ஆபத்து என்பது கணக்கு. ஊட்டிவிட ஆள், புரட்டிப்போட ஆள். படுத்தே கிடந்ததால் காலில் இரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போய் இறந்தவர்கள் அதே படுக்கைகளில் இருந்தார்கள்.

1952இல் வெளியான ஆய்வொன்றில், பாஸ்டனின் இதய மருத்துவர் சாமுவேல் லெவைனும் அவருடைய இளம் சகாவான பெர்னார்ட் லவுனும் 81 நோயாளிகளை முதல் சில நாள்களிலேயே படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இன்று இதைப் படிக்கும்போது இதில் என்ன புரட்சி என்று தோன்றும். அன்று படுக்கையிலிருந்து நாற்காலிவரையிலான அந்த ஓரடி தூரத்தைக் கடக்க நாற்பது வருடம் பிடித்திருந்தது. மறு ஆண்டு லண்டனில் மருத்துவர் ஜெர்ரி மோரிஸ் தன் ஆய்வை வெளியிட்டார். போக்குவரத்துக் கழகத்தின் 31,000 ஆண் ஊழியர்களைப் பார்த்ததில், நாள் முழுக்க உட்கார்ந்து வண்டி ஓட்டியவர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. 1966இல் டல்லாஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கவைத்துச் சோதித்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மீண்டும் அழைத்து அளந்தபோது, முப்பது வருட மூப்பு அவர்களின் உடல்திறனில் குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் குறைத்திருந்தது தெரியவந்தது. ஓய்வுக்கும் பக்கவிளைவு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நுரையீரலின் கதையில் சென்னைக்கு ஒரு பெரிய இடம் இருக்கிறது. காசநோய்க்கு மருந்து இல்லாத நாள்களில் ஓய்வும் நல்ல காற்றும் ஊட்டமும்தான் சிகிச்சை. டேவிட் சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய காசநோய் இல்லத்தின் நினைவாக இன்றும் ஒரு ரயில் நிலையமே சானடோரியம் என்ற பெயரோடு நிற்கிறது. மருந்துகள் வந்த பிறகும் இந்த ஓய்வுக் கொள்கை அசையவில்லை. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. அங்கே மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் முன்னின்று நடத்திய ஆய்வில் 193 நோயாளிகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில் படுக்கை, செவிலியர், நல்ல உணவு ஆகியவற்றோடு மருந்து எடுத்தார்கள். மற்றவர்கள் நகரத்தின் நெரிசலான ஏழை வீடுகளில், கிடைத்த உணவோடு, வீட்டுவேலையும் கூலிவேலையுமாக அதே மருந்தை எடுத்தார்கள். 1959இல் வெளியான முடிவு உலகத்தைத் திருப்பிப்போட்டது: இரு பகுதியினரும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குணமானார்கள். மருந்து சரியாக இருந்தால் படுக்கை தேவையில்லை, நோயாளியை ஊரிலிருந்து பிரிக்கத் தேவையில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் சென்னையின் அந்த ஏழை வீடுகளுக்குப் பங்கு உண்டு. நோயாளி தன் மனிதர்களுக்கு நடுவே இருந்தபடியே தேறலாம் என்பதை நிரூபித்த ஊர் இது. அந்தப் பெருமையை நாம் போதிய அளவு எடுத்துச் சொல்லவில்லை.

*

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் உடற்பயிற்சி என்ன செய்கிறது என்பது வியப்பானது. அது நுரையீரலைச் சரிசெய்வதில்லை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஊதவைத்து அளந்தால் எண் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். மாறுவது கால்கள்.

நோய் நடக்கும் விதம் இது. மூச்சுக்குழல்கள் சுருங்கியிருப்பதால் இழுத்த காற்று முழுவதும் வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. வேகமாக நடந்தால் பழைய காற்று உள்ளேயே தேங்கி, மார்பு உப்பி, புதுக்காற்றுக்கு இடமில்லாமல் போகிறது. அந்தத் தவிப்பை ஒருமுறை அனுபவித்தவர் அடுத்தமுறை நடையைக் குறைக்கிறார். கடைக்குப் போவது நிற்கிறது, மாடி நிற்கிறது, பிறகு வாசல் நிற்கிறது. பயன்படாத தொடைத்தசை மெலிகிறது. மெலிந்த தசை சின்ன வேலைக்கே சீக்கிரம் களைத்து, அதிக மூச்சைக் கேட்கிறது. இப்படியாக நுரையீரலில் தொடங்கிய நோயைக் கால்கள் வளர்க்கின்றன. பயிற்சி இந்தச் சுழலைத் தலைகீழாக்குகிறது. தசை தேறும்போது அதே தூரத்துக்குக் குறைந்த மூச்சு போதும். பழுதான நுரையீரல் பழுதாகவே இருக்க, அதைக் கொண்டே முன்னைவிட அதிகமாக வாழ முடிகிறது. 

கெட்டது கெட்டதுதான், ஆனால் அது மட்டுமே நம்முடைய எல்லை ஆகாது என்பதை உடலே கற்றுத்தருகிற இந்த இடத்தில் எனக்குப் பெரும் ஆறுதல் கிடைக்கிறது. குணம் என்ற சொல்லுக்காகக் காத்திருந்து வாழ்க்கையை ஒத்திப்போட வேண்டியதில்லை.

1952இலேயே நியூயார்க்கின் ஆல்வன் பராக் மூச்சுநோயாளிகளை நடக்கவைக்கலாம் என்று எழுதினார். அறுபதுகளில் டென்வரின் தாமஸ் பெட்டி கையில் எடுத்துச் செல்லும் ஆக்சிஜனோடு அவர்களை நடக்கவைத்தார். 2015இல் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு, இந்தப் பயிற்சி பலன் தருமா என்று வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடும் புதிய ஆய்வுகளே இனித் தேவையில்லை என்று சொன்னது. மருத்துவத்தில் ஒரு கேள்வி இப்படி மூடப்படுவது அபூர்வம். இதயத்தின் பக்கத்திலும் 2021இல் 85 ஆய்வுகள், 23,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் என்று தொகுத்தபோது, பயிற்சி எடுத்தவர்களில் இதயநோயால் இறப்பதும் மீண்டும் மருத்துவமனையில் சேர்வதும் குறைந்திருந்தன.

ஆனால் மருத்துவமனையில் நடக்கும் வகுப்பு ஆறு வாரம், எட்டு வாரம், அதிகம் போனால் பன்னிரண்டு வாரம். அதோடு விட்டால், பெற்ற பலன் ஓராண்டுக்குள் பெருமளவு கரைந்துவிடுகிறது. தசைக்கு நினைவாற்றல் குறைவு. அதை வாரந்தோறும் நினைவூட்ட வேண்டும். அந்த நினைவூட்டலை யார் செய்வது? அங்கேதான் ஊர் வருகிறது.

*

இதை நாடு தழுவிய ஏற்பாடாகச் செய்து காட்டியது ஜெர்மனி. 1965இல் ஷோர்ன்டோர்ஃப் என்ற சிறு நகரத்தில் கார்ல்-ஓட்டோ ஹார்ட்மன் என்ற மருத்துவர் முதல் இதயக்குழுவைத் தொடங்கினார். மாரடைப்பு வந்தவரை வியர்க்கவைப்பதே துணிச்சலாகக் கருதப்பட்ட காலம் அது. இன்று அந்த நாட்டில் அப்படிப்பட்ட குழுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மூச்சுநோயாளிகளுக்கும் தனிக்குழுக்கள் உண்டு. அவற்றைப் பெரும்பாலும் நடத்துபவை அந்தந்த ஊரின் விளையாட்டுச் சங்கங்கள். பள்ளியின் உடற்பயிற்சிக்கூடத்தில் மாலையில் சிறுவர்கள் கைப்பந்து ஆடி முடித்ததும், அதே பந்தை எடுத்துக்கொண்டு பைபாஸ் செய்தவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களும் இறங்குகிறார்கள். ஓர் இதயக்குழுவில் இருபது பேருக்கு மேல் கூடாது. ஒரு மணி நேரம். மருத்துவர் எழுதிக் கொடுத்தால், இதயநோயாளிக்கு வழக்கமாக இரண்டு ஆண்டுகளில் 90 வகுப்புகளுக்கும், நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு மூன்று ஆண்டுகளில் 120 வகுப்புகளுக்கும் மருத்துவக் காப்பீடு பணம் கட்டுகிறது. அது தீர்ந்த பிறகு சந்தா கட்டி, வருடக்கணக்கில் தொடர்ந்து வருகிறவர்கள் பலர்.

கூடத்தில் ஓரமாக, தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்ச்சியால் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டர் இருக்கும். நேர்மின்சாரத்தில் இயங்கும் அந்தக் கருவியை அறுபதுகளின் தொடக்கத்தில் உருவாக்கியவர், நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்த அதே பெர்னார்ட் லவுன். நோயாளியை எழுப்பத் துணிந்தவரே, எழுந்தவர் விழுந்தால் தூக்கிவிடவும் ஒன்று செய்துவைத்தார். துணிவும் கவனமும் ஒரே மனதில் இருந்ததற்கு அந்தப் பெட்டி சாட்சி. குழுவும் அப்படித்தான் இயங்குகிறது. முதலில் மருத்துவர் பரிசோதித்து, எவ்வளவு போகலாம் என்று சொல்ல வேண்டும். அடங்காத நெஞ்சுவலியோ திடீர்க் கால்வீக்கமோ இருப்பவருக்கு அன்று பயிற்சி இல்லை. வட்டமாக நடப்பார்கள், இடையில் நின்று நாடி பார்ப்பார்கள். பந்து கைமாறும். மூச்சுக்குழுவில் உதட்டைக் குவித்து, சூடான காபியை ஊதுவதுபோல மெல்ல வெளிவிடக் கற்றுக்கொள்வார்கள். தேங்கிய காற்று வெளியேற அது வழிசெய்கிறது. ஆஸ்திரேலியாவிலும் மருத்துவமனை வகுப்பை முடித்தவர்கள் தங்கள் ஊரிலேயே தொடர, நுரையீரல் அறக்கட்டளை இத்தகைய குழுக்களை வளர்த்திருக்கிறது.

இந்தக் குழுக்களில் புழங்கும் அளவுகோல் ஒன்று என்னைத் தொடர்ந்து யோசிக்கவைக்கிறது. சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்தது. மூச்சுத்திணறல் துளியும் இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாதென்றால் பத்து. பயிற்சியின் நடுவே பயிற்சியாளர் ஒவ்வொருவரையும் கேட்பார்: இப்போது எத்தனை? ஒருவர் மூன்று என்பார், ஒருவர் நான்கு, ஒருவர் ஆறு. ஆறு என்றவர் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். ஒன்று என்றவரிடம் இன்னும் கொஞ்சம் முயலச் சொல்வார்கள். கவனியுங்கள், வருடக்கணக்காகச் சட்டைப்பையில் எதையோ தேடி மறைத்துவந்த ஒன்றை, இங்கே ஒருவர் எல்லோரும் கேட்கச் சொல்கிறார். யாரும் ஓடிவருவதில்லை. பக்கத்தில் இருப்பவர் தன் எண்ணைச் சொல்கிறார். திணறல் அங்கே விபத்தாக இல்லை, வேலையின் ஒரு பகுதியாக இருக்கிறது. கொஞ்சம் மூச்சு வாங்கினால்தான் பயிற்சி பலிக்கும். எதற்குப் பயந்து வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டாரோ, அதைத் தேடிச் சென்று தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறார். பயம் தெளிவது அப்படித்தான்; அறிவுரையால் அது தெளிவதில்லை.

மருத்துவர்கள் நோயின் கடுமையைக் கணிக்கும் இன்னொரு அளவுகோல், 1940களில் வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை ஆராய்ந்தபோது பிறந்தது. அதில் ஒரு படி இப்படி வரும்: சமதரையில், தன் வயதுக்காரர்களைவிட மெதுவாக நடக்கிறாரா? மூச்சை அளக்க வந்த அந்தக் கேள்விக்குள் இன்னொரு மனிதர் நடந்துகொண்டிருக்கிறார். நாம் மெதுவாக நடக்கிறோம் என்பது அருகில் நடப்பவரை வைத்துத்தான் நமக்குத் தெரிகிறது. பின்தங்குவதுதான் நோயின் முதல் வலி. நண்பர்களின் காலைநடையிலிருந்து ஒருவர் காரணம் சொல்லாமல் விலகுவது அதனால்தான். அவருக்காக அவர்கள் நின்று நின்று நடப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்காது. குழுவில் அவர் பின்தங்க முடியாது. எல்லோருமே நின்று நின்று நடக்கிறவர்கள். நோய் பறித்த 'வயதொத்தவர்கள்' என்ற கூட்டத்தை, 'மூச்சொத்தவர்கள்' என்ற வேறொரு கூட்டமாகக் குழு திருப்பிக் கொடுக்கிறது.

*

நம் வீடுகளில் நோயாளியைப் படுக்கவைப்பது அன்பு. "நீங்க உட்காருங்கப்பா, நான் எடுத்துட்டு வரேன்." "மாடிக்கெல்லாம் ஏறாதீங்க." "அலட்டிக்காதீங்க." ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியவரைச் சுற்றி இந்தக் குரல்கள் ஒரு வேலியாக எழும்புகின்றன. குரல்களில் பொய் இல்லை. ஒரு நள்ளிரவில் ஆட்டோவிலோ ஆம்புலன்ஸிலோ அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய மனைவியும் பிள்ளைகளும் அவர்கள். அவர்களுடைய நெஞ்சிலும் ஒரு காயம் இருக்கிறது, அதற்கு யாரும் மருந்து எழுதவில்லை. ஆனால் அந்த அன்பு நாளடைவில் டல்லாஸின் படுக்கையாகிவிடுகிறது. தண்ணீர்ச்செம்பைக்கூடத் தானே எடுக்காத மனிதர் ஆறு மாதத்தில் நிஜமாகவே எடுக்க முடியாதவர் ஆகிறார். வீட்டாரால் இதை மாற்ற முடியாது, அவர்களுக்குப் பயம். மருத்துவரால் முடியாது, அவருக்கு நேரமில்லை. இரண்டு வருடத்துக்கு முன் பைபாஸ் செய்துகொண்டு இன்று படியேறுகிற இன்னொரு மனிதரால்தான் முடியும். பல குழுக்களில் துணைவர்களும் கூட வந்து உட்கார்ந்து பார்க்கிறார்கள். கணவர் வியர்ப்பதைப் பார்த்தும் பதறாமல் இருக்க மனைவி பழகுகிறார். அவருக்கும் அது சிகிச்சை.

பெண்களின் நிலை வேறு. வாழ்நாளெல்லாம் விறகடுப்பின் புகையில் சமைத்து, ஒரு பீடிகூடத் தொடாமலே நுரையீரலைப் பறிகொடுத்தவர்கள் நம் கிராமங்களில் நிறையப்பேர். அவர்களுக்கு யாரும் ஓய்வை விதிக்கவில்லை. இளைத்துக்கொண்டே தண்ணீர் சுமக்கிறார்கள், இளைத்துக்கொண்டே ஆடு மேய்க்கிறார்கள். அவர்களுடைய மூச்சுத்திணறலுக்கு வீட்டில் 'வயசாயிடுச்சு' என்று பெயர். நாள் முழுக்க உழைக்கிறவருக்கு உடற்பயிற்சி எதற்கு என்று கேட்கத் தோன்றும். உழைப்பு அவரைக் களைக்கவைக்கிறது. எங்கே நிற்கலாம், எப்படி மூச்சை வெளிவிடலாம், இன்ஹேலரை எப்படிச் சரியாக இழுக்கலாம் என்று அது கற்றுத்தருவதில்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் தன் உடலுக்காக மட்டும் ஒதுக்கி, தன்னைப்போன்ற பெண்களோடு இருக்கவும், இது வயது இல்லை, நோய் என்று அறிந்துகொள்ளவும் அவருக்கு ஓர் இடம் வேண்டும்.

இந்தக் குழுக்களில் மரணமும் உறுப்பினர்தான். நுரையீரல் நோய் மெல்ல முற்றக்கூடியது. நேற்று ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டு வந்தவர் அடுத்த மாதம் வராமல் போகலாம். இப்படிப்பட்டவர்களை ஒன்றாகச் சேர்த்தால் மனம் தளர மாட்டார்களா என்று வெளியிலிருந்து கேட்பவர்கள் உண்டு. தனியாக இருப்பவருக்கு மரணம் இன்னும் பெரியது என்பதே என் பதில். குழுவில் ஒருவர் இறந்தால் அவர் எவ்வளவு தூரம் நடந்தார் என்பது மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நோயாளியாக அல்லாமல் முயன்றவராக நினைக்கப்படுவது சிறிய மரியாதை இல்லை.

*

தமிழ்நாட்டில் இதயமறுவாழ்வுப் பயிற்சி பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளோடு நின்றுவிடுகிறது. இந்தியாவில் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்த 3,959 பேரிடம், யோகாவை அடிப்படையாகக் கொண்ட மறுவாழ்வு வகுப்புகளைச் சோதித்துப் பார்த்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் 13 வகுப்புகள். மறுமாரடைப்பும் மரணமும் குறைந்ததாக உறுதிப்படவில்லை. ஆனால் வகுப்புக்கு வந்தவர்கள் தங்கள் உடல்நலம் மேம்பட்டதாக உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்கு அதிகம் திரும்பினார்கள். அதிகக் கருவிகள் இல்லாமல், நமக்குப் பழகிய ஒரு வடிவத்தில் இதைச் செய்ய முடியும் என்று அது காட்டியது. பதினான்காவது வகுப்பு எங்கே நடக்கும் என்பதுதான் மீதமிருக்கும் கேள்வி.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழ்நாடு அரசின் திட்டம், இயன்முறை மருத்துவரை வீட்டு வாசலுக்கே அனுப்பியது. பெரிய காரியம். எழ முடியாதவருக்கு அது உயிர். எழ முடிந்தவருக்கோ வாசலைத் தாண்டவும் ஒரு காரணம் வேண்டும். 2023 நவம்பரில் நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் வந்தன. அதுவும் நல்லது. அந்தப் பாதையில் எண்பது மீட்டருக்கு மேல் நடக்க முடியாதவருக்கும் ஓர் இடம் கேட்கிறேன். முதல் இருநூறு மீட்டருக்கு நெருக்கமாக இருக்கைகள், வாரம் இரண்டு காலைகளில் ஓர் இயன்முறை மருத்துவர், ஒரு செவிலியர், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், ஒரு டிஃபிப்ரிலேட்டர், இருபது பேருக்கு ஒரு வருகைப் பதிவேடு. மழைநாளுக்கு ஒரு சமுதாயக்கூடம். கொரோனாவின் இரண்டாம் அலையில் நம் வீடுகள் ஆக்சிமீட்டரின் எண்ணை வாசிக்கக் கற்றுக்கொண்டன. அந்தப் படிப்பு வீணாகிவிடத் தேவையில்லை.

ஆறு நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதை வைத்து இந்த நோயாளிகளின் முன்னேற்றத்தை அளக்கிறார்கள். நடுவில் நிற்கலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. முன்பைவிட முப்பது மீட்டர் கூடினால் அது அவருடைய வாழ்க்கையில் தெரியும் மாற்றம் என்று மருத்துவம் கணக்கிட்டிருக்கிறது. நலமாக இருப்பவருக்கு முப்பது மீட்டர் ஒன்றுமே இல்லை. நோயாளிக்கு அது கூடத்திலிருந்து வாசல், வாசலிலிருந்து தெருமுனை மளிகைக்கடை. அந்தத் தூரத்தை ஒரு மனிதருக்கு மீட்டுத்தர விலையுயர்ந்த இயந்திரமோ அபூர்வமான மருந்தோ வேண்டியதில்லை. கற்றறிந்த ஒருவரும் அவரோடு மூச்சு வாங்குவதற்கு இன்னும் சிலரும் போதும். நோயாளியை ஊரிலிருந்து பிரிக்கத் தேவையில்லை என்று உலகத்துக்குச் சொன்ன சென்னை, அவரை ஊருக்குள் நடக்கவைக்கவும் முன்வர வேண்டும். தன்னுடைய மெதுவான மனிதர்களுக்காக நின்று நடக்கத் தெரிந்த ஊரைத்தான் நலமான ஊர் என்று சொல்வேன்.